பொறியும் நெறியும்

நல்லாசிரியர் யார் என்னும் வினாவுக்கு நன்னூலார் விடை கூறும் முறை தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்ததே. நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளால் ஆசிரியர்தம் இயல்பை விளக்கிய அவர், அவ்வளவில் நில்லாது, ஆசிரியராதற்குத் தகாதவரையும் நான்கு உவமைகளால் சுட்டிச் சென்றார். அவற்றுள் ஒன்று மடற்பனை. ஏற வருவோரைக் கருக்கு மட்டையால் தடுத்து, பழம் தானாக உதிர்ந்தாலன்றிப் பிறர்க்குப் பயன்படாத மரம் அது. மற்றொன்று பருத்திக்குண்டிகை. பஞ்சடைத்த அக்குடத்தைச் சிறிது சிறிதாகவே நிரப்ப இயலும், எடுப்பதும் அவ்வாறே.

இவ்விலக்கணம் செய்யுளும் உரையும் கற்பிப்போர்க்கு மட்டுமே உரியதன்று. உலகின் வெப்பத்தையும் மழையையும் காற்றையும் கணக்கிடுகின்ற சூப்பர் கம்ப்யூட்டர் எனப்படும் மீத்திறன் கணிப்பொறிக் கூடங்களுக்கும் அது முற்றப் பொருந்தும் என்பது நம் கருத்து. பொறியை வாங்கப் பொருள் போதும். பொறியை ஆளும் மாணவரை உருவாக்க நெறியாளர் வேண்டும். பின்னதை மறந்தார்க்கு முன்னது வெறும் இரும்பே. தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இக்கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

தொடக்கமே ஒரு வகுப்பறை

வானிலையை எண்களால் கணித்துக் காட்ட முதலில் முனைந்தவர்களுள் தலையாயவர் ஆங்கிலேய அறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரின்போது பிரான்சு நாட்டுப் போர்முனையில் மருத்துவ ஊர்தி ஓட்டியவாறே, 1910 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலை மாற்றத்தை அவர் கையால் கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. அன்று உண்மையில் அழுத்தம் பெரிதும் மாறவேயில்லை. அப்பெரும் பிழையை அவர் மறைத்தாரல்லர். 1922 இல் வெளியிட்ட தம் நூலில் உள்ளவாறே அச்சேற்றினார். அந்நூலிலேயே, 64,000 மனிதர்கள் ஒரு பெரு மண்டபத்தில் அமர்ந்து, உலகைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு, நடுவே நிற்பவரின் குறிப்பறிந்து ஒருங்கே கணக்கிடும் காட்சியையும் கற்பனை செய்தார். இன்றைய இணைக் கணிப்பு முறையின் முதல் ஓவியம் அதுவே எனலாம்.

அக்கனவு நனவாகத் தொடங்கியது 1950 இல். அமெரிக்க நாட்டின் எனியாக் கணிப்பொறியில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் 24 மணி நேர வானிலையைக் கணித்தனர். கணித்து முடிக்கவும் ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. அவ்வறிஞர்கள் பெருமேதைகள். ஆயினும் எனியாக் பொறிக்கு ஆணை எழுதும் கலையை அவர்கள் அறிந்திலர். அதனை அவர்களுக்குக் கற்பித்து, இறுதி ஆணைத்தொடரைச் சரிபார்த்தும் தந்தவர் கிளாரா வான் நாய்மன் என்னும் பெண்மணியார். ஆய்வுரையின் இறுதியில் நன்றி கூறும் பகுதியில் அவர் பெயர் இடம்பெற்றது.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எட்வர்டு லோரன்ஸ் 1959 இல் ஓர் இளம் பெண்ணைப் பணியில் அமர்த்தினார். அவரே பிற்காலத்தில் அப்போலோ விண்கலத்தின் மென்பொருளாக்கத்திற்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன். எல்.ஜி.பி.-30 என்னும் சிறு பொறியில் அவர் பழகினார். 1961 இல் அவ்விடத்தை விட்டு நீங்கும்போது, தமக்குப் பின் வந்த எல்லன் ஃபெட்டருக்குத் தாம் கற்றதைக் கற்பித்துச் சென்றார். 0.506127 என்னும் எண்ணுக்கு மாற்றாக 0.506 என்று இட்டதால் வானிலைக் கணக்கு முழுவதும் வேறு வழியில் திரும்பியதை லோரன்ஸ் கண்டறிந்ததும் அக்காலத்தில்தான். 1963 இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரையின் எண்கணக்குகளைச் செய்தவர் ஃபெட்டர். அவர் பெயரும் நன்றியுரையில் மட்டுமே காணப்பெறுகிறது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடங்கள் இரண்டு. இத்துறை தோன்றிய நாள் முதல் ஒருவர் அருகமர்ந்து மற்றொருவர்க்குக் கற்பித்த வழியாகவே வளர்ந்துள்ளது என்பது ஒன்று. அவ்வாறு உழைத்த இளையோர்க்கு உரிய பெயர் முழுமையாகக் கிட்டவில்லை என்பது மற்றொன்று. முதற்பாடம் பின்பற்றத்தக்கது, இரண்டாவது திருத்தத்தக்கது.

ஆயிரம் கைகள் கூடினும்

மீத்திறன் கணிப்பொறி என்பது ஒரே ஒரு பெரிய மூளையன்று. பல்லாயிரம் சிறு மூளைகள் ஒன்றுகூடிய மன்றம். உலக உருண்டையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு கணிப்பானுக்குப் பங்கிட்டு அளிப்பர். தன் எல்லைக்கு அப்பால் காற்று எவ்வாறு வீசுகின்றது என்பதை ஒவ்வொன்றும் அண்டையிலுள்ளதைக் கேட்டறிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லும். ஆதலால், கணக்கிடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் மிகுந்துவிடுவதும் உண்டு.

புதிதாய் வரும் மாணவர், கணிப்பான்களைப் பெருக்கினால் விரைவும் அதே அளவு பெருகும் என்று நம்பி வருகிறார். அந்நம்பிக்கைக்கு எல்லை உண்டென்று ஜீன் ஆம்டால் 1967 இல் எடுத்துரைத்தார். ஒரு வேலையில் பங்கிட இயலாத பகுதி நூற்றில் ஐந்தாயின், எத்தனை இலட்சம் கணிப்பான்களைச் சேர்த்தாலும் விரைவு இருபது மடங்கைத் தாண்டாது. நம் திருமண வீடுகளில் இவ்விதியைக் கண்கூடாகக் காணலாம். வெங்காயம் உரிக்க நூறு பேரை அமர்த்தினால் வேலை நொடியில் முடியும். தம் போட்ட தேக்சாவைச் சுற்றி நூறு பேர் நின்றாலும் தம் அடங்கும் நேரம் குறையாது. நல்ல நெறியாளர் இவ்விதியை எழுதிப் போடுவதோடு அமையார். மாணவர் எழுதிய ஆணைத்தொடரில் வெங்காயம் எது, தம் எது என்று அவரையே தேடிக் கண்டறியச் செய்வார்.

கணக்கைவிடத் தரவைப் படித்தெடுப்பதே பெரும்பாடாவதும் உண்டு. ஐரோப்பிய வானிலை மையம் உருவாக்கிய ஈ.ஆர்.ஏ.5 என்னும் தரவுத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1940 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உலகம் முழுமைக்குமான வானிலை நிலை அதில் உண்டு. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட மணி நேரங்கள். ஒவ்வொன்றிலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஏடு என்று அடுக்கிய சுவடிக்கட்டு போன்றது அது. ஓர் ஊரின் எண்பதாண்டு வெப்பம் மட்டும் வேண்டும் என்பவர், ஏழு இலட்சம் ஏடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை மட்டும் படிப்பவர் ஆகிறார். பொறி மெதுவாக இயங்குகின்றது என்று அவர் நோவார். சுவடியை வேறு வகையில் அடுக்கிக்கொண்டு படி என்று சொல்ல ஒருவர் அருகிருந்தால், வாரக்கணக்கில் ஆகும் வேலை ஒருநாளில் முடியக்கூடும்.

பொறி உரைக்காத பிழைகள்

வேகம் குறைந்தால் காலமே வீணாகும். பிழை நேர்ந்தாலோ உண்மையே வீணாகும். ஆணைத்தொடரில் ஒரு புள்ளி விடுபட்டால் பொறி உடனே நின்றுவிடும். கருத்தில் பிழை நேர்ந்தால் பொறி நிற்பதில்லை. அழகிய வண்ணப்படம் ஒன்றை வரைந்து நம்மிடம் நீட்டிவிடும்.

எடுத்துக்காட்டுகள் சில காண்போம். உலகின் சராசரி வெப்பத்தைக் காண விழையும் மாணவர் எல்லாக் கட்டங்களையும் கூட்டிக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் கட்டங்கள் குறுகுவதை அவர் கருதவில்லை. 60 பாகை அகலாங்கில் உள்ள கட்டம் நிலநடுக்கோட்டுக் கட்டத்தில் பாதிப் பரப்பே உடையது. இரண்டுக்கும் ஒரே மதிப்பளித்தால் உலகம் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். பொறி ஒன்றும் சொல்லாது.

பிரித்தானிய நாட்டு ஹாட்லி மையத்தின் பருவநிலைப் படிமங்கள் சிலவற்றில் ஆண்டுக்கு 360 நாள்கள். எல்லா மாதங்களுக்கும் முப்பது நாள்களே. அங்கே பிப்ரவரி 30 ஆம் நாளும் உண்டு. இதனை அறியாது வேறொரு படிமத்தின் நாள்களோடு நேருக்கு நேர் ஒப்பிடுவோர்க்குப் பருவமழை ஆண்டுதோறும் இடம் பெயர்ந்து ஓடுவதாகத் தோன்றும். படிமங்கள் மழையை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடிக்கு இத்தனை கிலோகிராம் என்று தரும். அதனை 86,400 ஆல் பெருக்கினால்தான் ஒரு நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்னும் அளவு கிட்டும். பெருக்க மறந்தவரின் வரைபடத்தில் உலகெங்கும் பாலையே.

இவற்றையெல்லாம் கையேடுகள் கூறாமலில்லை. ஆயினும், தன் விடையைத் தானே ஐயுறும் பழக்கத்தைக் கையேடு தருவதில்லை. “இவ்வெண் இயல்பானதா? நம் ஊரில் இவ்வளவு மழை பெய்வதுண்டா?” என்று ஒவ்வொரு முறையும் வினவும் ஒருவரின் அருகிருந்தே அப்பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நெறியாளரின் முதற்கடமை ஐயுறக் கற்பித்தலே என்பது நம் துணிபு.

விடை கூறாத ஆசிரியை

பருவநிலைப் படிமங்களை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் வாரன் வாஷிங்டன். 1936 இல் போர்ட்லாந்து நகரில் பிறந்தவர்; 2024 இல் மறைந்தார். பள்ளி நாள்களில், முட்டையின் கரு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று தம் ஆசிரியையிடம் வினவினார். “நீயே ஏன் கண்டுபிடிக்கக் கூடாது?” என்பதே அவ்வம்மையார் தந்த விடை. அவ்வினாவே தம்மை அறிவியலின்பால் ஈர்த்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே பள்ளி நாள்களில், கல்லூரிக்குச் செல்லற்க, வணிகப் பயிற்சி பெறுக என்று அறிவுரை கூறிய வழிகாட்டியும் அவருக்கு வாய்த்தார். ஒரே மாணவர், இரு வழிகாட்டிகள். ஒருவர் கதவைத் திறந்தார். மற்றவர் அடைக்க முயன்றார்.

வாஷிங்டன் 1963 இல் கொலராடோ மாநிலத்து வளிமண்டல ஆய்வுக்கான தேசிய மையத்தில் சேர்ந்து, அகிரா கசஹாராவுடன் இணைந்து உலக வளிமண்டலப் படிமத்தை உருவாக்கினார். 2010 இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. இளையோர்க்கு வழிகாட்டுதலைத் தம் ஆய்வுக்கு நிகராகவே அவர் கருதினார். அம்மையத்தைச் சார்ந்து 1996 இல் தொடங்கப்பெற்ற சோர்ஸ் என்னும் திட்டம், வாய்ப்புக் குறைந்த பிரிவினரின் பிள்ளைகளை வளிமண்டல அறிவியலுக்குக் கொணர்ந்தது. ஒரு மாணவருக்கு ஆய்வில் துணைநிற்க ஒருவர், எழுத்தைத் திருத்த ஒருவர், கணிப்பொறிப் பணியில் கைகொடுக்க ஒருவர் எனப் பல நெறியாளர்களை அது அமைத்துத் தந்தது. 2007 இல் இணைக் கணிப்பியலுக்கெனத் தனிக் கோடைப் பயிற்சியும் அம்மையத்தில் தொடங்கப்பெற்றது. எல்லாம் அறிந்த ஒருவரைத் தேடி அலையாமல், ஒவ்வொன்று அறிந்த மூவரைச் சேர்த்து வைத்த இம்முறை நமக்கும் ஏற்றது. நம் கல்லூரிகளில் கணிதம் வல்லார் ஒரு துறையிலும், கணிப்பொறி வல்லார் மற்றொரு துறையிலும், நிலமும் நீரும் அறிந்தார் வேறொரு துறையிலும் உள்ளனர். ஒருவரை ஒருவர் தேநீர் வேளையில் காண்பதோடு சரி.

நம் கரையில் பெய்த மழை

இவையெல்லாம் மேலை நாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழகம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழைக்கு ஏறக்குறைய ஈடான அளவு அது. நம் உற்றாரும் உறவினரும் வாழும் ஊர். நூற்றாண்டுகள் பழமை உடைய கடற்றுறை. அங்கே பெய்த மழை ஏன் அவ்வளவு, இனி அத்தகைய மழை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடும், வடிகாலையும் பாலத்தையும் எவ்வளவுக்கு அமைத்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தரவுகளுள் உறங்குகின்றது. அதனை எழுப்பப் போகிறவர் யார்?

பொறிகள் இல்லாமலில்லை. 1988 இல் உருவான சி-டாக் நிறுவனம் 1991 இல் பரம் 8000 என்னும் பொறியைத் தந்தது. 2018 இல் பிரத்யுஷ், மிஹிர் என்னும் பொறிகளும், 2024 செப்டம்பரில் அர்க்கா, அருணிகா என்னும் பொறிகளும் வானிலைப் பணிக்கு வந்தன. புனே நகரிலுள்ள அர்க்காவின் திறன் 11.77 பெட்டாஃபிளாப். ஒரு பெட்டாஃபிளாப் என்பது நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள். 2025 மே மாதத்தில் ஆறு கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்ட பாரத் முன்கணிப்பு முறை அறிமுகமாயிற்று. அதற்கு முன்னைய முறையில் கட்டம் 12 கிலோமீட்டர். கட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் கணக்கு ஏறத்தாழ எட்டு மடங்காகும். திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதத்தில் நிறுவப்பெற்ற பொறியின் பெயரோ ‘பரம் பொருள்’. தமிழ்ப் பெயர் தாங்கிய மீத்திறன் கணிப்பொறி! பெயரைப் படித்து மகிழ்ந்ததோடு நாம் அமைந்துவிடலாமா?

தடை விடைகள்

இனிச் சில தடைகளுக்கு விடை கூறுதல் வேண்டும். செயற்கை நுண்ணறிவே இப்போது ஆணைத்தொடர்களை எழுதித் தருகிறதே, நெறியாளர் எதற்கு என்பர். ஆணை எழுதும் வேலை எளிதாயிற்று என்பது மெய்யே. ஆயின், மேலே கூறிய பிழைகள் ஆணை எழுதத் தெரியாமையால் விளைந்தவை அல்ல. பொருள் அறியாமையால் விளைந்தவை. விரைவாக எழுதப்படும் பிழை விரைவாகப் பரவும். ஆதலின் ஐயுறும் கண் முன்னைவிட இன்று மிகுதியும் தேவை.

தமிழ்வழிப் பயின்ற மாணவர்க்கு இது எட்டாக்கனி என்பர் சிலர். கணக்கின் பொருளைத் தாய்மொழியில் உணர்ந்தவர், கருவியின் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைக் கற்க அரிதோ? அரிதென்று கூறுவோர் மடற்பனையின் கருக்கு மட்டையையே பெருமையாகக் கருதுவோர். இக்கணிப்பு முறைகளைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல்லே, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அரபு மொழியில் எழுதிய அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்ததால் பிறந்தது. அறிவு எம்மொழியிலிருந்து எம்மொழிக்கும் பெயரவல்லது.

பெண்மக்களைத் தொலைவிடம் அனுப்ப வேண்டுமே என்று தயங்கும் பெற்றோர் உளர். கிளாரா, ஹாமில்டன், ஃபெட்டர் ஆகியோர் இன்றித் தொடங்கியிராத துறை இது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். மேலும், இப்பொறிகளை அருகிருந்து தொடவேண்டுவதில்லை. இணைய இணைப்பும் அனுமதியும் இருப்பின், கல்லூரி ஆய்வகத்திலோ தம் இல்லத்திலோ இருந்தவாறே புனேயிலுள்ள பொறிக்கு ஆணையிடலாம். தூரம் இங்குத் தடையன்று, தயக்கமே தடை.

நாம் வேண்டுவன

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவன சில. மீத்திறன் பொறி கிட்டும்வரை காத்திருத்தல் வேண்டா. இந்திய வானிலைத்துறை 1901 முதலான நாள்மழைத் தரவைக் கால் பாகைக் கட்டங்களில் விலையின்றி வழங்குகின்றது. அதில் தம் மாவட்டத்தை மட்டும் எடுத்து ஒரு மடிக்கணிப்பொறியில் மாணவர் தொடங்கட்டும். சிறியதைச் சரியாகச் செய்தவரே பெரியதற்குத் தகுதி உடையார். ஒவ்வொரு மாணவரும் பிழைக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கட்டும்; அதன் முதல் பக்கத்தில் ஆசிரியர் தாம் செய்த பிழையொன்றை எழுதித் தரட்டும். ரிச்சர்ட்சன் தம் பிழையை அச்சிட்டார். நாம் குறிப்பேட்டிலேனும் எழுதலாம். உழைத்த மாணவரின் பெயர் நன்றியுரையின் மூலையிலன்றி, ஆய்வுரையின் தலைப்பிலேயே ஆசிரியர் பெயரோடு நிற்கட்டும்.

சமுதாயப் பெரியோர்களே! கட்டடத்திற்கு வழங்கும் கொடை கண்ணுக்குத் தெரியும். கல்வெட்டில் பெயர் நிற்கும். ஒரு மாணவரின் கோடைப் பயிற்சிக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும் தருவதும், மாணவரோடு அமர ஓர் ஆசிரியர்க்கு வாரத்தில் சில மணி நேர ஓய்வு கிட்டச் செய்வதும் கண்ணுக்குத் தெரியாத கொடைகள். பின்னதையே முதலில் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

தமிழ்த்துறைக்கும் இதில் கடமை உண்டு. ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் மீனவரும் உழவரும் படித்தறியுமாறு ஒரு பக்கத் தமிழில் எழுதித் தர மாணவரைப் பயிற்றுதல் நம் பணி. தன் ஆய்வைத் தன் அன்னைக்கு விளக்க இயலாதவர் அதனை முழுதும் உணர்ந்தவராகார். இத்துறை மலரில் இக்கட்டுரை இடம்பெற்றதன் காரணமும் இதுவே.

மாணவச் செல்வங்களே! கேட்க அஞ்சாதீர்கள். உங்கள் வினாவுக்கு உடனே விடை கூறாது, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லி, கண்டுபிடிக்கும்வரை உடன் நிற்கும் ஆசிரியரைத் தேடி அடையுங்கள். அடுத்த பெருமழை நம் கரைக்கு எந்நாளில் வரும் என்று நாம் அறியோம். அந்நாளில் அதன் எண்களைப் படித்துப் பொருள் சொல்ல நம் கல்லூரியில் ஒருவரேனும் இருப்பரா என்பது நாம் இன்று செய்யும் வேலையைப் பொறுத்ததே.